ஓய்வூதியம் யாருடைய பணம்?

சென்ற மாதம் ஒரு நாட் காலை, எமது ஒழுங்கையில் வசிக்கும் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தமது உயிர்வாழ் சான்றிதழை ஒரு பழைய உறையிலிட்டுக் கையிற் பிடித்தபடி கிராம உத்தியோகத்தரிடம் புறப்பட்டார். ஓய்வூதியம் பெறுவோர் தாம் இன்னும் உயிரோடிருப்பதை ஆண்டுக்கு ஒரு முறை இவ்வாறு உறுதிப்படுத்திப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புதல் வேண்டும் என்பது வாசகர்கள் அறிந்ததே. எம்மைப் படலையிற் கண்டதும் அவர் நின்றார்.

"தம்பி, நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் அரசாங்கத்துக்குச் சான்று காட்டுகிறேன். என்னுடைய பென்சன் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு யார் சான்று காட்டுவார்?" என்றார்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஆசிரியருடைய ஓய்வூதியம் ஒரு மாதமேனும் தவறியதில்லை. நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த 2022ஆம் ஆண்டிலும் அது வங்கிக்கு வந்து சேர்ந்தது. அப்படியிருக்க அவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பதை எண்ணிப் பார்க்கையில், இவ்வாரம் இதனைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றிற்று. இது முதியோர் விவகாரம் என்று மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இக்கணக்கில் அவர்களுடைய பங்கே பெரிது.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்" என்பது எம்மவர் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். சம்பளம் பெரிது என்பதற்காக எழுந்த மொழியன்று இது. கை தளர்ந்த காலத்திலும் மாதா மாதம் காசு வரும், கணவன் கண்ணை மூடினால் மனைவிக்கும் வரும் என்ற நம்பிக்கையிலேயே எழுந்தது. அந்த நம்பிக்கைக்காகவே தந்தையர் பனங்காணியை ஈடுவைத்துப் பிள்ளைகளை ஆங்கிலம் படிப்பித்தனர். அதற்காகவே எழுதுவினைஞர் மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறிற்று. ஒரு சமூகம் முழுவதும் நம்பிய இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பெரும்பாலானோர் கேட்டதில்லை.

முன்னாளில் இதற்கு வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம். ஓய்வூதியம் என்பது பின்னர் வந்த சொல். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. உபகாரம் என்பது கொடுப்பவன் மனம் வைத்துக் கொடுப்பது. ஊதியம் என்பது உழைத்தவனுக்கு உரியது. நாம் பேச்சிலே இரண்டாவது சொல்லுக்கு மாறிவிட்டோம். சட்டமோ இன்னும் முதற் சொல்லின் பக்கமே நிற்கிறது. அரசாங்க ஊழியரின் ஓய்வூதியத்தை இன்றும் ஆள்வது 1901ஆம் ஆண்டில் குடியேற்ற ஆட்சி வகுத்த ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு. அரசாங்க ஊழியர் எவருக்கும் ஓய்வூதியத்தின்மீது முழுமையான உரிமை கிடையாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதனை அறிந்து உத்தியோகத்திற் சேர்ந்தவர் நூற்றுக்கு ஒருவரேனும் இருப்பாரோ என்பது ஐயமே.

பணத்தின் பக்கத்தைப் பார்ப்போம். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்காக ஊழியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு கழிக்கப்படுகிறது. 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம் அது. தமது சொந்த ஓய்வூதியத்துக்கென ஊழியர் எதுவும் கட்டியதில்லை. அரசாங்கமும் அதற்கென ஒரு நிதியை ஒதுக்கிச் சேர்த்து வைத்ததில்லை. இவ்வாண்டு ஓய்வூதியம் இவ்வாண்டு வரியிலிருந்து கொடுக்கப்படுகிறது. வரி போதாவிடின் கடன் வாங்கிக் கொடுக்கப்படுகிறது. ஆசிரியர் முப்பது ஆண்டுகள் கற்பித்தபோது அவர் பெயரில் ஒரு சதமேனும் எப்பெட்டியிலும் விழவில்லை. இன்று அவருக்கு வருவது, இன்று கடையில் சவர்க்காரம் வாங்குபவர் கட்டும் பெறுமதி சேர் வரி. அவர் தாமே சவர்க்காரம் வாங்கும்போது தமது ஓய்வூதியத்தில் ஒரு துளியைத் தாமே கட்டுகிறார். 2024ஆம் ஆண்டிலிருந்து அந்த வரி நூற்றுக்கு 18.

இவ்வேற்பாடு வகுக்கப்பட்ட காலத்தில் அது பிழையானதன்று. உழைப்போர் பலர், முதியோர் சிலர். 1946ஆம் ஆண்டில் இந்நாட்டில் பிறந்த ஒரு குழந்தைக்குக் கணக்கிடப்பட்ட ஆயுள் 43 ஆண்டளவே. அக்காலத்தில் எல்லாரும் 43 வயதில் இறந்தனர் என்று மாணவர்கள் பொருள் கொள்ளலாகாது. குழந்தைகள் பலர் மாண்டதனாற் சராசரி தாழ்ந்தது. ஐம்பதைக் கண்டவர் அறுபதையும் எழுபதையும் கண்டதுண்டு. ஆயினும் இளைப்பாறிச் சாய்மனைக் கதிரையில் நெடுநாள் இருந்தவர் தொகை குறைவு. பின்னர் மலேரியா அடங்கிற்று. கிராமந்தோறும் மருத்துவமாதர் வந்தனர். வைத்தியசாலையிற் கட்டணம் ஒழிந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபது வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 12.4 பேர். அத்தொகை மேலும் ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் என்றிருந்த நிலை இரண்டாயிற்று. அவ்விரண்டிலும் ஒன்று கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், இந்நாட்டின் வரிக் கணக்குக்கு அப்பிள்ளை இல்லை.

இன்று அறுபதில் இளைப்பாறுபவர் இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்வார். அவர் போனபின் அவர் மனைவி சில ஆண்டுகள் இருப்பார். ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் இன்று ஏழு இலட்சம் அளவில் உள்ளன. செலவு வளர்ந்த வகை இது. இதனை எந்த அரசாங்கமும் அறியாமலிருந்ததில்லை. குழந்தை பிறந்த அன்றே அது எந்த ஆண்டில் அறுபது வயதை அடையும் என்பதை வாய்ப்பாடு தெரிந்த எவரும் சொல்லலாம்.

அறிந்திருந்தும் செலவை எப்படிச் சமாளித்தார்கள்? ஆசிரியரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஓய்வூதியத்தைக் குறைப்போம் என்று எவரும் சொல்லவில்லை. சொன்னால் வாக்குப் போய்விடும். ரூபாவைச் சுருங்க விட்டார்கள். 2019ஆம் ஆண்டின் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கப்பட்டது. எல்லாரும் மகிழ்ந்தோம், நாமும் மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈராண்டுக்குள் அரசாங்க வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதமளவுக்கு இறங்கிற்று. உலகிலே மிகக் குறைந்த வருமானமுடைய அரசாங்கங்களுள் எமதும் ஒன்றாயிற்று. குறைந்ததைப் புதிய பணத்தால் நிரப்பினர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பில் விலைகள் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்து நின்றன. 2021க்கும் 2023இன் இறுதிக்கும் இடையில் பொருட்களின் விலை ஏறக்குறைய இருமடங்காயிற்று.

விலை இருமடங்கானால், முன்னைய தொகையையே பெறும் ஓய்வூதியம் பாதியாகிவிட்டது என்பதே பொருள். எந்தப் பாராளுமன்றமும் அதற்கு வாக்களிக்கவில்லை. எந்த வர்த்தமானியும் அதனை அறிவிக்கவில்லை. 2024ஆம் ஆண்டில் ஓய்வூதியகாரரின் வாழ்க்கைச் செலவுப் படி 3,525 ரூபாவிலிருந்து 6,025 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த 2,500 ரூபாவை மறுப்பதற்கில்லை. ஆயினும் பால்மாவும் மருந்தும் வாங்கும் வீட்டில் அது எத்தனை நாளுக்குக் காணும் என்பதைக் குடும்பத் தலைவியர் எம்மினும் நன்கறிவர். இதனோடு இன்னொரு முறைகேடும் சேர்ந்தது. ஒரே பதவியில் ஒரே காலம் சேவை செய்த இருவர், ஒருவர் 2020 சனவரிக்கு முன்னரும் மற்றவர் அதன் பின்னரும் இளைப்பாறிய காரணத்தால் வெவ்வேறு தொகை பெற்றனர். முன்னர் போனவருக்கே குறைவு. அதாவது வயது கூடியவருக்கே குறைவு. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இது மூன்று கட்டங்களாகச் சீர்செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இடையில் இறந்துபோனோர்க்கு எந்தக் கட்டமும் இல்லை.

ஓசையின்றிச் செய்யும் இக்குறைப்பை நாம் ஒளிந்த கழிவு என்போம். இது ஓய்வூதியகாரரோடு நிற்கவில்லை. தனியார் துறையில் உழைப்போர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் உள்ளது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டில், தொழில் அமைச்சராயிருந்த ரி. பி. இலங்கரத்ன காலத்தில் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதிக்கு இன்று தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டுகின்றனர். ஓய்வூதியத்தைப்போல் வெறும் வாக்காக நில்லாமல், உண்மையாகவே பணம் சேரும் பெட்டி இது. ஆனால் அப்பெட்டியிலுள்ள பணத்திற் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, நிதியிடமிருந்த திறைசேரி முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன: 2025 வரை 12 வீத வட்டி, அதன்பின் 9 வீதம். மாற்ற மறுத்தால் வருமானத்தின்மீது 14 வீதத்துக்குப் பதில் 30 வீத வரி என்று விதிக்கப்பட்டது. கொழுந்து பறித்த கையின் சேமிப்பு அது. அந்தப் பெண் ஐம்பது வயதில் அதனை மொத்தமாகப் பெற்று மகளின் திருமணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் கொடுத்துவிட்டால், எழுபது வயதில் மாதாந்தம் வருவதற்கு எதுவுமில்லை.

விவசாயிகளின் ஓய்வூதியத் திட்டம் 1987ஆம் ஆண்டில் தொடங்கிற்று. உழவர் தவணை முறையிற் சிறு தொகை கட்டினர். கட்டிய தொகைக்கும் கொடுப்பதாகச் சொன்ன தொகைக்கும் பொருத்தமில்லை. 2012ஆம் ஆண்டிற் கொடுப்பனவு நின்றது. 2014இல் திறைசேரிப் பணத்தைக்கொண்டு மீண்டும் தொடங்கினர். நிதி என்று பெயர் வைத்தாலும் கணக்குப் பாராத நிதி நிலைக்காது என்பதை அறிய வேறு பாடம் வேண்டியதில்லை.

வைத்தியசாலைக்கு வருவோம். இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று இலவச வைத்தியம். 1951ஆம் ஆண்டிற் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் வழக்கம் வந்து 1977இல் அதுவும் ஒழிந்தது. அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவது பல ஆண்டுகளாக நாட்டின் உற்பத்தியில் 2 வீதத்துக்கு உட்பட்டே இருந்து வந்திருக்கிறது. அவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நீண்ட ஆயுளை ஈட்டிய நாடுகள் சிலவே. ஆனால் அன்றைய நோய் வேறு, இன்றைய நோய் வேறு. அன்று மலேரியாவும் வயிற்றோட்டமும். வந்தவர் பிழைத்தால் அத்துடன் முடிந்தது. இன்று சலரோகம், இரத்த அமுக்கம், இருதய நோய், சிறுநீரக நோய். இவை வந்தால் வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் கிளினிக் கொப்பியும் கையுமாக வரிசையில் நிற்க வேண்டும். வயது கூடக் கூட மருந்தும் கூடும்.

இங்கும் ஒளிந்த கழிவு நுழைந்துவிட்டது. வைத்தியசாலை இலவசம் என்பதை எவரும் மாற்றவில்லை. "இந்த மருந்து இப்போது இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று ஒரு துண்டு எழுதித் தருகின்றனர். 2022ஆம் ஆண்டில் அத்துண்டுகள் மிகப் பெருகின. இந்நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சொந்தச் சட்டைப்பையிலிருந்தே போகிறது. பணமுள்ளவர் வாங்கிக்கொள்கிறார். இல்லாதவர் ஒரு நாள் குளிசையை இரண்டு நாளுக்குப் பாதி பாதியாக விழுங்குகிறார். எமது ஒழுங்கையிலேயே அவ்வாறு செய்தவரை நாம் அறிவோம். அவர் ஆசிரியரின் மனைவி.

செலவைக் குறைப்பதற்கு உதவியைக் குறைப்பதே வழி என்று எண்ணுவோர்க்கு, இந்நாட்டிலே பிறந்த ஓர் எடுத்துக்காட்டைக் காட்டலாம். பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் அறிஞர். அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையின்படி 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அதன் முதல் தலைவர் பிபிலே. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் வந்து, பெயருக்கொரு விலை பெற்றுக்கொண்டிருந்தது. வேண்டிய மருந்துகளை மட்டும் தேர்ந்து, மருந்தின் சொந்தப் பெயரில், நாடு முழுவதற்கும் சேர்த்துக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினாற் போதும் என்றார் அவர். நோயாளிக்குக் குளிசை குறையவில்லை. பெயருக்குக் கொடுத்த விலையே குறைந்தது. பெரிய மருந்துக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. பிபிலே 1977இல் கயானா நாட்டிற் காலமானார். அவர் காட்டிய வழியைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. எமது நாடு அதனை எவ்வளவு உறுதியாகப் பிடித்து வந்தது என்பதை, வெளியில் வாங்கச் சொல்லும் துண்டுகளே சொல்லும்.

முதியோர் பெருகிய நாடு எமது நாடு மட்டுமன்று. ஜப்பான் 1973ஆம் ஆண்டில் எழுபது வயதைத் தாண்டியோர்க்கு வைத்தியத்தை முற்றிலும் இலவசமாக்கிற்று; பத்தாண்டில் அது தாங்காது என்று கண்டு, 1983இல் சிறு கட்டணம் விதித்தது. ஓய்வூதியத்துக்கு அங்கே 2004ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். சந்தா ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறி 2017இல் சம்பளத்தின் 18.3 வீதத்தில் நிற்கும், அதற்குமேல் ஏறாது, தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி என்று முன்கூட்டியே எழுதிவைத்தனர். உழைப்போர் தொகை குறைந்தால் ஓய்வூதிய உயர்வு எவ்வளவு மட்டுப்படும் என்பதற்கும் அதிலேயே விதி உண்டு. அது கசப்பான விதியே. ஆனால் எவரும் எடுத்து வாசிக்கக்கூடிய விதி. அமெரிக்காவிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் முழு ஓய்வூதிய வயதை 65இலிருந்து 67க்கு உயர்த்தியபோது, அவ்வுயர்வு முழுமையாகத் தாக்கியது 1960ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்தோரை. அன்று இருபத்துமூன்று வயது வாலிபனுக்கு நாற்பத்துநான்கு ஆண்டு முன்னறிவித்தல் கிடைத்தது.

எமது நாட்டிலோ, 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இளைப்பாறும் வயது 65 என்றனர். அதே ஆண்டு ஓகத்து மாத இறுதியில் மீண்டும் 60 என்றனர். அறுபதைத் தாண்டியோர் டிசெம்பர் 31ஆந் திகதியோடு வீடு செல்ல வேண்டியதாயிற்று. நான்கு மாதத் தவணை! கடன் கட்டவும் பிள்ளையைப் படிப்பிக்கவும் ஐந்தாண்டு கணக்குப் போட்டு வைத்தவர்களின் கணக்கு என்னவாகும்?

எமது அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. இந்த ஏற்பாடு உள்ளபடியே நிலைக்காது. ஏதோவொரு விதத்தில் யாரோ பொறுக்கத்தான் வேண்டும். இன்று பொறுப்பவர் எழுபத்தைந்து வயதினர். மறுபடி வேலைக்குப் போகவோ வீதியில் இறங்கி மறியல் செய்யவோ இயலாதவர். இதைவிட, இனிச் சேரும் இளைஞரிடம் சம்பளத்தில் ஒரு பங்கை முதல் நாளிலிருந்தே கழித்து, அரசாங்கமும் தன் பங்கைக் கட்டி, அமைச்சர் கை நீட்ட முடியாத நிதியொன்றில் வைப்பது நேரானது என்போம். அதற்கு ஈடாக, விலை ஏறினால் ஓய்வூதியமும் இன்ன அளவு ஏறும் என்பதைச் சட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளம் குறைகிறதே என்று தொழிற்சங்கங்கள் சொல்லும். அது நியாயமான சொல்லே. இருபத்தைந்து வயதில் ஆசிரியத் தொழிலுக்கு வரும் பெண்ணின் சம்பளம் இன்று வாடகைக்கும் பஸ்ஸுக்குமே போய்விடுகிறது. ஆகையால் அப்பங்கு சிறிதாகத் தொடங்க வேண்டும். சேமலாப நிதியுங்கூட ஆரம்பத்தில் தொழிலாளிக்கு 4 வீதமும் முதலாளிக்கு 6 வீதமுமாகத் தொடங்கியதே.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் ஆசிரியருக்கு வாசித்துக் காட்டினோம். அவருடைய பேத்தி உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிப்பவள். அவளும் திண்ணையில் இருந்து கேட்டாள்.

"அப்பப்பா, நீங்கள் உத்தியோகத்திற் சேர்ந்தபோது சம்பளத்தில் நூற்றுக்கு நாலு கழிப்போம், பென்சன் ஒருநாளும் தேயாது என்று சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பீர்களா?" என்று கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையாற் துடைத்தார். "அந்த நேரம் உன்னுடைய அப்பாவுக்குப் பால்மா வாங்கவே காசில்லை. சங்கத்தோடு சேர்ந்து நானும் கொடி பிடித்திருப்பேன்" என்றார். சிறிது நேரம் சென்று, "இப்போது என்றால் எட்டுக்கும் சம்மதம்" என்றார்.

உள்ளிருந்து அவர் மனைவி, நாளைக்குக் கிளினிக் நாள், கொப்பியை எங்கே வைத்தீர்கள் என்று குரல் கொடுத்தார். அவர் எழுந்து போனார்.